உச்சி வெயிலும் வாடைக் குளிரும்: தீவகத்தில் உழைத்தோர் காவல்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலயத்தில் உள்ள தமிழ்ச் சாசனம் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து அரசாண்ட முதலாம் பராக்கிரமபாகுவினுடையது என்பதும், அதிலே ஊராத்துறை என்று குறிக்கப்படும் துறைமுகம் இன்றைய ஊர்காவற்றுறையே என்பதும் சரித்திர ஆசிரியர்கள் ஒப்புக்கொண்ட செய்திகள். கடல் கடந்து வரும் பரதேசிகள் அந்தத் துறைக்கு வந்து சேரவேண்டும், அவர்கள் இரட்சிக்கப்படவேண்டும் என்று விதிக்கும் அரசன், யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்துபோனால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் ஆகவேண்டுமென்றும், மற்றப் பண்டங்கள் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்துபோனால் பாதிக்குப் பாதியாகப் பிரிக்கவேண்டுமென்றும் கணக்கும் வகுத்து வைக்கிறான். தீவகத்தைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய காவற்சட்டம் இதுவே எனலாம். ஆனால், அந்த மரக்கலத்திலே பாய் இழுத்தவனும் துடுப்புப் போட்டவனும் மாரிகாலத்து இரவொன்றிலே நனைந்த துணியோடு கரையிற் கிடந்து நடுங்கினால் அவனுக்கு யார் தீ மூட்டவேண்டும், யார் கஞ்சி வார்க்கவேண்டும் என்பதைப் பற்றி வாசிக்கக் கிடைக்கும் வரிகளில் ஒன்றுமில்லை. யானைக்குப் பங்கு உண்டு, பாகனுக்கு இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அக்காலத்து அரசர் எவரும் அப்படி எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. தொழிலாளியின் சரீரத்தை உஷ்ணத்திலிருந்தும் சீதளத்திலிருந்தும் காப்பது இராஜ தர்மத்தின் எல்லைக்கு வெளியே, ஊர் வழக்கத்தின் கையிலே விடப்பட்டிருந்தது என்பதையே சொல்ல வருகிறேன். அந்த வழக்கம் யாரைக் காத்தது, யாரைக் கைவிட்டது என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

யாழ்ப்பாணத்தார் தீவகம் என்று வழங்கும் இத்தீவுக் கூட்டத்துக்கு, 1658 இல் போர்த்துக்கேயரை வென்று யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தங்கள் தாய்நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று; வேலணையும் ஊர்காவற்றுறையும் அடங்கிய தீவு லைடன் ஆயிற்று; புங்குடுதீவு மிடல்பேர்க்; அனலைதீவு ரொட்டர்டாம்; நயினாதீவு ஹார்லெம். மாரியிலே கால்வாய்கள் உறைந்து மனிதர் அவற்றின்மேல் நடந்து திரியும் ஊர்களின் நாமங்கள், பனை தவிர வேறு பெருமரம் அருகிய, கால் வைத்தால் சுடுகின்ற சுண்ணக்கற் பூமிக்கு வந்து வாய்த்தன. தாய்நாட்டு ஏக்கமே இதற்குக் காரணம் என்று நினைப்பதில் தவறில்லை. நெடுந்தீவில் அவர்கள் குதிரை வளர்த்த காலத்து லாயத்தின் கற்றூண்கள் இன்னும் நிற்கின்றன. பராக்கிரமபாகுவின் சாசனத்தில் போலவே இங்கும் மிருகத்துக்குக் கல்லால் நிழல் அமைந்தது. அந்தக் கல்லைச் சுமந்தவர்களுக்கு எது நிழலாக இருந்தது என்று அந்தத் தூண்கள் சொல்வதில்லை.

வெயிலை முதலிற் பார்ப்போம். சித்திரை வருஷப் பிறப்பை ஒட்டிய நாள்களிலே சூரியன் தீவகத்துக்கு நேர் உச்சியில் வந்து நிற்கிறான். ஆவணியில் மறுமுறையும் அவ்வாறே வருகிறான். ஆனால் ஆவணியிற் சோளகக் காற்று பலமாக வீசுவதனால் அந்த வெப்பம் அவ்வளவு தெரிவதில்லை. பங்குனி, சித்திரை மாதங்களிலோ வாடை ஓய்ந்து, சோளகம் இன்னும் எழும்பாத இடைவேளையாதலால், கடல் எண்ணெய் ஊற்றிய தட்டுப்போலக் கிடக்கும், பனையோலை அசையாது, நாலு புறமும் கடல் சூழ்ந்திருப்பதால் காற்றிலே ஈரம் மிகுந்து, உடம்பில் வடியும் வேர்வை உலராமல் வழிந்தே போகும். வேர்வை வழிவதனால் உடம்பு குளிர்வதில்லை, அது உலர்வதனாலேயே குளிர்கிறது என்னும் உண்மையை உணர்ந்தால்தான், வெப்பமானியில் முப்பத்தைந்து பாகையைத் தாண்டுவதே அரிதான இப்பிரதேசத்தில் மனிதர் வெயிலால் மயங்கி விழுவது ஏன் என்பது விளங்கும். இங்கிலாந்திலே சுரங்கத் தொழிலாளரின் சுகத்தை ஆராய்ந்த ஜோன் ஸ்கொட் ஹால்டேன் என்னும் விஞ்ஞானி, உழைப்பவனைத் தாக்குவது வெறும் உஷ்ணமானியின் அளவன்று, ஈரத்துணி சுற்றிய உஷ்ணமானி காட்டும் அளவே என்பதை 1905 இல் எடுத்துக்காட்டினார். தீவகத்தார் அந்த மானியைக் கண்டவர்கள் அல்லர். ஆனால் காற்று ஓய்ந்த மத்தியானத்திலே தோட்டத்தில் நிற்கக்கூடாது என்பதை அறிந்திருந்தார்கள்.

குளிரோ வேறு வகை. பனியும் உறைநீரும் இந்தப் பூமி அறியாதவை. மார்கழி விடியற்காலத்திலும் இருபது பாகையளவுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆயினும் இங்கே குளிரால் வருந்தியவர் உண்டு. தீவகத்தின் குளிர் நீரிலும் காற்றிலும் இருக்கிறது. காற்றைக் காட்டிலும் ஏறக்குறைய இருபத்தைந்து மடங்கு விரைவாக நீர் மனித உடம்பின் சூட்டைக் கவர்ந்து செல்லும். ஆதலால், ஆழமற்ற பரவைக் கடலிலே சிறகுவலைக்குக் கம்பு நாட்டி இடுப்பளவு தண்ணீரில் மணிக்கணக்காக நிற்பவனும், மழையில் நனைந்த தோணியிலே வாடைக்காற்றை எதிர்த்து இராமுழுவதும் இருப்பவனும், சங்கு குளித்து எழும்புபவனும், மதிய வெயிலில் வெந்துபோகும் அதே தேசத்திலே பல் கிட்டிப்போக நடுங்கினார்கள். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையே வாணர் தாம்போதி அமைவதற்கு முன், சுமையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தப் பரவையை நடந்தே கடந்தவர்களுக்கு மாரிகாலம் என்னவாக இருந்திருக்கும் என்பதை அந்தத் தாம்போதியிற் சைக்கிளில் போகிறவர் ஒரு தடவை நின்று எண்ணிப்பார்க்கலாம்.

இவ்விரண்டுக்கும் எதிராக ஊர் வழக்கம் கைக்கொண்ட முதலாவது உபாயம் நேரத்தைப் பகுத்தல். இதற்கு மிகச் சிறந்த உதாரணம் சீவற்றொழில். தளைநாரைக் காலில் மாட்டி, இடுப்பிற் கத்திக்கூடும் முட்டியும் தொங்க, அறுபது எழுபது அடி உயரத்துப் பனையில் நாளொன்றுக்குப் பல மரங்கள் ஏறி இறங்குபவனுக்கு, நிழல் என்பது அவன் ஏறும் மரத்தின் வட்டிலே தவிர எங்கும் இல்லை. அந்த உயரத்திலே கண் இருண்டால், கை தளர்ந்தால், பிராணனே போய்விடும். ஆகவே அவன் இருள் பிரியுமுன்னரே முதல் மரத்தில் ஏறி, வெயில் ஏறுவதற்குள் காலைச் சீவலை முடித்துக்கொண்டு, பொழுது சாய்ந்தபின் மறுபடியும் ஏறினான். பாளை சீவுவதற்குக் காலையும் மாலையுமே உகந்தவை என்பதும், பகற் சூட்டில் முட்டியிலுள்ள பதநீர் விரைந்து புளித்துவிடும் என்பதும் உண்மையே; மரத்தின் இயல்பும் மனிதனின் சேமமும் இங்கே ஒன்றாய்ப் பொருந்தின. அப்படிப் பொருந்தியிராவிட்டால், வழக்கம் எதனைப் பெரிதென்று கொண்டிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

தோட்டத்து இறைப்பும் அவ்வாறே. வேலணையிலும் புங்குடுதீவிலும் புகையிலைக் கன்றுக்கு நீர் வார்க்க, துலாவிலே ஒருவரோ இருவரோ ஏறி முன்னும் பின்னுமாக மிதித்து நடக்க, கீழே ஒருவர் பட்டையைப் பிடித்துக் கிணற்றில் இறக்கி ஏற்றிக் கவிழ்க்க, இன்னொருவர் வாய்க்காலில் தண்ணீர் மாற, விடியற்புறத்து நட்சத்திர வெளிச்சத்திலே தொடங்கும் வேலை, வெயில் உறைக்குமுன் முடிந்துவிடும். கைப்பிடி ஒன்றும் இல்லாத துலாவின்மேலே நடப்பவனுக்கு மயக்கம் வந்தால் கிணறு கீழே காத்திருக்கிறது. பயிருக்கும் அந்த நேரமே நல்லது. உச்சியில் ஊற்றிய நீர் வேரை அடையுமுன் ஆவியாகும். கரையிலோ, கடற்றொழிலாளி பெரும்பாலும் இரவையே தன் வேலைக்காலமாகக் கொண்டான். காவோலைச் சூள் கொளுத்தி ஆழமற்ற நீரில் மீன் குத்துவதும், நிலா மறைந்தபின் வலை விடுவதும், பகலில் வாடியின் ஓலைக் கூரைக்குக் கீழே வலை பொத்திக்கொண்டு கண்ணயர்வதும் அவனது தினசரி நியதி. தீவகத்துப் பெண்கள் நல்ல தண்ணீர்க் கிணற்றுக்கு அரை மைல், ஒரு மைல் குடத்தோடு போய்வந்ததும் வைகறையிலோ பொழுது பட்டபின்னோதான். அவர்கள் வேலையைத் தொழில் என்று எண்ணிக் கணக்கு வைத்தவர் இல்லை என்பதனால் அதனைச் சொல்லாமல் விட முடியாது.

முத்துக்குளிப்பைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் வேலைக்கும் ஓய்வுக்கும் கணக்கு வைத்துப் பகுத்ததும், அந்தக் கணக்கை வெள்ளைக்காரர் கண்டு எழுதிவைத்ததும் அங்கேதான். தீவகத்துக்குத் தெற்கே மன்னார்க் கடலிலே நடைபெற்ற அந்தக் குளிப்புக்கு யாழ்ப்பாணக் கரைகளிலிருந்தும் குளியாளர் போனார்கள். 1869 முதல் 1896 வரை யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபராக இருந்த வில்லியம் துவைனம் துரையே நெடுங்காலம் அதன் மேற்பார்வையாளராகவும் இருந்தார். அவருக்கு முன்னமே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இறொபேட் பேர்சிவல் என்னும் ஆங்கிலப் படை உத்தியோகத்தர் 1803 இல் வெளியிட்ட தமது நூலிலே அந்த ஒழுங்கை விவரித்திருக்கிறார். இரவு பீரங்கி வெடித்ததும் தோணிகள் நிலக்காற்றிலே புறப்பட்டு விடியுமுன் பாரை அடையும். சூரியன் எழுந்தபின் குளிக்கத் தொடங்கி, கடற்காற்று எழும்பும் நண்பகலோடு நிறுத்திக் கரை திரும்பும். தோணிக்குப் பத்துக் குளியாளர். அவர்களில் ஐவர் கல்லைப் பற்றிக்கொண்டு நீருக்குள் இருக்கையில் மற்ற ஐவர் மேலே வெயிலில் உலர்ந்து மூச்சு வாங்குவர். பின்னர் முறை மாறும். நீர் உறிஞ்சிய சூட்டை வெயில் திருப்பிக் கொடுக்கும். வெயிலின் தாக்கத்தை நீர் தணிக்கும். இன்றைய தொழிற்சுகாதார நூல்கள் வேலை-ஓய்வுச் சுழற்சி என்று அட்டவணை போட்டு விதிப்பதை, பீரங்கியும் கல்லும் கயிறுமாக அந்தக் கடல் செய்து காட்டிற்று. தீவகத்துக் கடலிலே சங்கு குளித்தவர்கள் குறைந்த ஆழத்திலே வேலை செய்தார்கள். வங்காளத்திலே வளையல் அறுப்பதற்கென்று போன அந்தச் சங்குகளுக்கு இவ்வளவு ஆடம்பரமான ஒழுங்கு இருந்ததில்லை. முத்து விலை உயர்ந்த பொருள். அதனால் அதை எடுக்கிறவனுடைய நேரமும் எண்ணப்பட்டது.

இரண்டாவது உபாயம் தண்ணீரும் உப்பும். கடும் வெயிலில் வருந்தி உழைக்கும் மனிதன் மணிக்கு ஒரு லீற்றர் வேர்வையையும் அதற்கு மேலும் இழக்கக்கூடும். அதனோடு உப்பும் போகும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக் குடித்து உழைத்தால் தசைகள் முறுக்கிக்கொண்டு வலிக்கும் என்பதை, பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களிலே 1920களில் நடந்த ஆராய்ச்சிகள் நிலைநாட்டி, சுரங்கத் தொழிலாளர் குடிக்கும் நீரில் சிறிது உப்பிடும்படி கூறின. தீவகத்துத் தோட்டக்காரன் விடியற்காலையிற் குடித்த பழஞ்சோற்றுத் தண்ணீரும், உப்பிட்ட மோரும், அதற்குத் தொட்டுக்கொண்ட மோர்மிளகாயும் ஊறுகாயும் இதே காரியத்தைச் செய்தன. பனங்கட்டிக் குட்டானில் ஒரு துண்டைக் கடித்துத் தண்ணீர் குடிப்பதும் அவ்வாறே. குளிருக்கு ஒடியற்கூழ், மீனும் நண்டும் இறாலும் மிளகாயும் சேர்த்துக் கொதிக்கக் கொதிக்கப் பிளாவில் வார்த்துக் குடிக்கும் அந்தக் கூழ், மாரிகாலத்து வாடியில் உணவாகவும் ஒளடதமாகவும் இருந்தது. மல்லித்தண்ணீரும் வேர்க்கொம்பும் அதற்குத் துணை.

வழக்கம் என்பதனாலேயே எல்லாம் சரியென்று கொள்ள நான் ஒருப்படமாட்டேன். குளிர் போக்கக் கள்ளும் சாராயமும் குடிப்பது கடற்கரையெங்கும் இருந்த பழக்கம். மது உள்ளே போனதும் தோலின் இரத்த நாளங்கள் விரிவதனால் சூடு உண்டானது போலத் தோன்றும். உண்மையிலே உடம்பின் உள்ளிருந்த சூடு தோல் வழியே வெளியேறி, குடித்தவன் குடியாதவனைவிட விரைவில் விறைத்துப்போவான். வெயிலிலும் அது தாகத்தை வளர்க்குமேயன்றித் தணிக்காது. முன்னோர் செய்ததெல்லாம் விஞ்ஞானமே என்று மேடைகளிற் பேசுபவர்கள் இந்த ஒன்றையாவது எண்ணிப் பார்ப்பது நல்லது.

இனி, முன்னே சொன்ன வினாவுக்கு வருவோம். நேரமும் நீருமே தீவகத்தின் இரண்டு கேடயங்கள் என்றால், அவற்றைப் பிடிக்க யாருக்கு உரிமை இருந்தது?

சுண்ணக்கற் பூமியிலே மழைநீர் கீழிறங்கி, உவர்நீரின்மேலே மெல்லிய படலமாக மிதந்து நிற்பதே தீவகத்தின் நல்ல தண்ணீர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே ஏறிவிடும். நெடுந்தீவிலே சாராப்பிட்டிப் பக்கம் போல் சிற்சில இடங்களில் மட்டுமே வாய்க்கு இனிய ஜலம் கிடைக்கும். இவ்வளவு அரிதாயிருந்ததனால் தண்ணீர் தருமம் தலையாய தருமம் என்று மதிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துப் பழைய வீதிகளின் ஓரத்தில் இளைப்பாறும் மடமும், சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கியும், மாடு உரஞ்ச ஆவுரஞ்சிக் கல்லும், அதற்குக் குடிக்கத் தொட்டியும் அமைத்தவர்கள் புண்ணியவான்கள். கருவுற்றபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டும் வழக்கம் எவ்வளவு நுண்ணிய மனத்திலே பிறந்தது! ஆனி மாதத்திலே நாகபூஷணி அம்மன் உற்சவத்துக்குத் தோணியேறி வருகிறவர்களுக்குத் தண்ணீர்ப்பந்தலும் அன்னதானமும் உண்டு. அமுதசுரபியின் ஐதிகத்தை உடைய தீவு என்று பெருமை பேசும் ஊருக்கு அது தகும்.

அதே ஊர்களிலே, அதிகாலை முதல் பனையிலே ஏறி இறங்கிய சீவற்றொழிலாளி கிணற்றண்டை போய்த் தானே ஒரு வாளி நீர் அள்ளிக் குடிக்க முடியாது. யாராவது வந்து எட்ட நின்று கையிலோ பிளாவிலோ சிரட்டையிலோ வார்க்கும்வரை அவன் காத்து நிற்கவேண்டும். வார்ப்பவர் மத்தியான நித்திரையில் இருந்தால் அவன் தாகத்தோடே திரும்பவேண்டும். வெயிலில் அதிகம் வேகின்றவர்களுக்கே குடை பிடிப்பதும், செருப்பணிவதும், தோளில் மேற்றுண்டு போடுவதும் ஆகாதென்று சாதி விதித்திருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இவை மரியாதை பற்றிய கட்டுப்பாடுகள். உண்மையிலே அவை சரீரத்தின் மேலே விதித்த தண்டனைகள். குடை என்றால் நிழல். செருப்பென்றால் சுடுமணலுக்கும் காலுக்கும் இடையே ஒரு தோல். மேற்றுண்டு வெயிலுக்கும் குளிருக்கும் ஒருங்கே உதவுவது. சுமைதாங்கி நாட்டிய கையும் கிணற்றை மறித்த கையும் ஒன்றே என்பதை மறைத்து எழுதப்படும் தீவகச் சரித்திரம் சரித்திரமாகாது.

நேரமும் அவ்வாறே எல்லோருக்கும் உரியதாக இருந்ததில்லை. ஒல்லாந்தர் காலத்து ஊழிய முறைப்படி குறித்த குலத்தவர்கள் ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் கும்பனிக்கு வேலை செய்யவேண்டும். தவறினால் பணம் கட்டவேண்டும். கோட்டைக்குக் கல் சுமக்கும் அந்த நாள்களில் எப்போது வேலை தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பது சுமப்பவன் கையில் இல்லை. 1707 இல் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை, அடிமைகளை முதுசொத்தோடு சேர்த்துப் பங்கிட வழி சொல்கிறது. 1844 இல் இலங்கையிலே அடிமைத்தனம் சட்டத்தால் ஒழிந்தபின்னும், நிலமும் பனையும் கிணறும் பழைய கைகளிலேயே இருந்தமையால், விடுதலை பெற்றவன் தன் நேரத்தை முழுவதும் பெற்றான் என்று சொல்ல முடியாது. சீவியவனுக்குக் கள்ளின் அளவும், கடற்றொழிலாளிக்கு மீனின் பங்குமே கூலியாக இருந்தவரை அவர்கள் நடுப்பகலைத் தமக்கென்று வைத்துக்கொள்ள முடிந்தது. நாட்கூலி வந்து, காலை எட்டு மணிக்குத் தொடங்கி மாலை நான்கு வரை என்று மணிக்கூடு ஆளத் தொடங்கியபோது, பனையேறி அறிந்திருந்த அந்த ஞானம் வீதியில் கல் பரப்புகிறவனுக்குப் பயன்படாமற் போயிற்று. இது நவீன காலத்தின் நஷ்டம். பழைமையின் குற்றத்தோடு இதையும் சேர்த்துத்தான் எண்ணவேண்டும்.

சட்டம் மெதுவாகவே வந்தது. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், வேலை நடக்கும் அறையிலே தக்க வெப்பநிலையும் காற்றோட்டமும் இருக்கவேண்டுமென்று விதித்தது. நல்ல சட்டம், ஆனால் அது அறையைப் பற்றிப் பேசியது. தீவகத்துத் தொழிலாளிக்கு அறையேது? அவனுக்குக் கூரை ஆகாயம், நிலம் கடல்.

1957 ஆம் ஆண்டிலே, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு காரியங்கள் உலகின் இரண்டு கோடிகளில் நிகழ்ந்தன. அமெரிக்காவிலே, பயிற்சியின்போது வெயிலால் படைவீரர் விழுந்து இறப்பதைத் தடுக்க வழி தேடிய யாக்லூவும் மினார்டும், காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் வெயிலின் கதிரையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும் அளவுகோலை வெளியிட்டு, இந்த எண்ணுக்கு மேலே போனால் பயிற்சியை நிறுத்துக என்று சொன்னார்கள். உலகமெங்கும் தொழிலிடங்களில் உஷ்ணத்தை அளக்க இன்று கையாளப்படுவது அதுவே. அதே 1957 இல் இலங்கைப் பாராளுமன்றம் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றி, சாதியின் பேரால் ஒருவனுக்குத் தடைபோடுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1920களிலே யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தொடங்கிவைத்த தீண்டாமை எதிர்ப்பும், அதன்பின் ஒடுக்கப்பட்டோர் தாமே நடத்திய போராட்டங்களும் இதற்குப் பின்னால் நின்றன. தொழிற்பாதுகாப்பின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் முதற் சொன்னதைக் குறிப்பார்கள். இரண்டாவதை அந்தச் சரித்திரத்திற் சேர்க்கமாட்டார்கள். நான் சேர்க்கிறேன். வெயிலில் உழைத்தவன் கிணற்றிலே தானே அள்ளிக் குடிக்கலாம் என்பதைக் காட்டிலும் பெரிய உஷ்ணப் பாதுகாப்புச் சட்டம் யாழ்ப்பாணத்துக்கு இதுவரை வந்ததில்லை. அது எழுத்தில் வந்த நாளுக்கும் கிணற்றடிக்கு வந்த நாளுக்கும் இடையே நீண்ட காலமும் பல சண்டைகளும் கழிந்தன என்பது வேறு கதை.

குளிருக்கும் ஒரு கதை உண்டு. குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரம் 1956 இல் நோர்வே சென்று, அங்குள்ளவர்களின் உதவியைத் திரட்டி, 1967 இல் சீநோர் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். காரைநகரிலே படகுகட்டும் தளம் அமைந்தது. அந்த வழியைப் பின்பற்றியும், 1983 இன் பின் யுத்தத்துக்குத் தப்பியும் யாழ்ப்பாணத்தார் பலர் நோர்வேக்குப் போய், அதன் வடகோடியான பின்மார்க் பிரதேசத்து மீன் பதனிடும் ஆலைகளிலே, மாதக்கணக்காகச் சூரியன் எழாத மாரிகாலத்தில் வேலை செய்தார்கள். தலைமுறை தலைமுறையாக வாடைக் குளிருக்குச் சால்வைத் துண்டும் கூழுமே கவசமாகக் கொண்ட கடற்கரைகளின் பிள்ளைகள் அங்கே கண்டது, 1977 ஆம் ஆண்டின் தொழிற்சூழல் சட்டம் என்ற ஒன்று, வேலைத்தலத்தின் தட்பவெப்பத்தையும் தொழில்கொள்வோரின் சட்டபூர்வமான பொறுப்பாக வைத்திருந்ததை. குளிர் அங்கே கொடியது. ஆயினும் அதற்கு ஒருவர் பதில் சொல்லவேண்டியிருந்தது.

வெயிலுக்கும் அப்படிப் பதில் சொல்லவைக்க முடியும் என்பதற்கு, நம் நாட்டவர் ஆயிரக்கணக்கிலே கூலிக்குப் போகும் கட்டார் தேசமே சாட்சி. 2021 இல் அந்நாட்டு அரசாங்கம், ஆனி முதல் புரட்டாதி வரையான கோடைகாலத்திலே முற்பகல் 10 மணி முதல் பிற்பகல் 3.30 வரை திறந்தவெளி வேலையைத் தடைசெய்து, யாக்லூவும் மினார்டும் வகுத்த அந்த அளவுகோல் 32.1 பாகையைத் தாண்டினால் எந்த நேரமாயினும் வேலையை நிறுத்தவேண்டுமென்றும் விதித்தது. அந்தச் சட்டம் எவ்வளவு நேர்மையாக நடைபெறுகிறது என்பதைப் பற்றி வழக்குகள் பல உண்டு. எனினும் எண் ஒன்று எழுதப்பட்டிருக்கிறது.

2022 மார்கழியிலே ஒரு புயலை ஒட்டி வீசிய ஊதற்காற்றிலும் மழையிலும் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நூற்றுக்கணக்கான மாடுகள் விறைத்து மடிந்தன. 2024 இன் சித்திரை, வைகாசி வெயிலில் யாழ்ப்பாணத்திலே மனிதர் வெப்ப அதிர்ச்சியால் இறந்தனர். சூடும் குளிரும் முன்னைவிடக் கடுமையாகி வருகின்றன. ஆனால் நமது சட்டப் புத்தகத்திலே திறந்தவெளியில் உழைப்பவனுக்கென்று இன்னும் ஓர் எண் இல்லை, ஒரு மணி நேரம் இல்லை. ஆகவே வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவுப் பிரதேச சபைகளை நான் கேட்பது பெரிய காரியமன்று: தங்கள் செலவிலே வீதி போடுபவரும், வாய்க்கால் வெட்டுபவரும், கட்டடம் கட்டுபவரும் பங்குனி முதல் வைகாசி வரை விடியற்காலை ஐந்தரைக்கு வேலை தொடங்கி, முற்பகல் பதினொரு மணிக்கு நிறுத்தி, பொழுது சாய்ந்தபின் மீதியை முடிக்கலாம் என்றும், அந்த இடைவேளைக்காக நாட்கூலியில் ஒரு சதமும் குறையாதென்றும், வேலைத்தலத்திலே நிழலும் நல்ல தண்ணீரும் வைக்காத ஒப்பந்தகாரருக்குப் பணம் கொடுபடாதென்றும் ஒப்பந்தத்திலே மூன்று வரி சேர்க்கட்டும். அதற்குப் பாராளுமன்றத்தைக் காத்திருக்க வேண்டியதில்லை.